ஒருமையே இல்லாத ஆங்கிலச் சொற்கள்: ‘இரண்டு கால்’ விளக்கம் எதுவரை செல்லும்?

கேள்வி இதுதான்: ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் ‘எ சிசர்’ என்று எழுதியிருக்கிறாள். ஆசிரியர் அதை அடித்துவிட்டு ‘எ பேர் ஆஃப் சிசர்ஸ்’ என்று திருத்தியிருக்கிறார். ஏன் என்று கேட்டதற்கு, “கத்தரிக்கோலுக்கு இரண்டு அலகு இருக்கிறது, அதனால் பன்மை” என்றாராம். “சட்டைக்கும்தான் இரண்டு கை இருக்கிறது, அது ஏன் ‘எ ஷர்ட்’?” என்று மகள் வீட்டுக்கு வந்து கேட்கிறாள். என்ன பதில் சொல்வது? இப்படிப் பன்மையாகவே இருக்கும் சொற்கள் வேறு என்னென்ன?

மகளின் கேள்வி நியாயமானது. சட்டை விஷயத்தில் அவளை மடக்க முடியாது. ஆசிரியரின் திருத்தமும் சரிதான். அவர் சொன்ன காரணம் மட்டும் பாதித் தூரம்தான் வரும். மீதித் தூரத்துக்கு ஒவ்வொரு சொல்லும் எங்கிருந்து வந்தது, எதனோடு சேர்ந்து நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இது நமக்கு ஏன் விநோதமாகப் படுகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். தமிழில் அஃறிணைக்குப் பன்மை காட்டுவது கட்டாயமில்லை. ‘பத்து மாம்பழம் வாங்கினேன்’ என்கிறோம். ‘மாடு வந்தது’, ‘மாடு வந்தன’ இரண்டுமே பிழையில்லை. இலக்கணத்தில் இதற்குப் பால்பகா அஃறிணைப் பெயர் என்று பெயர். வேண்டுமானால் ‘கள்’ சேர்க்கலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம். ஆங்கிலத்தில் அந்தச் சலுகை கிடையாது. ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ஒருமையா பன்மையா என்று வாய் திறக்கும்போதே முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவை வினைச்சொல்லும் கேட்கும், பின்னால் வரும் சுட்டுச்சொல்லும் கேட்கும்.

ஆனால் ஒருமை இல்லாத சொல் நமக்குப் புதிதல்ல. ‘மக்கள்’ என்கிற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ‘மக்கள் கூடினார்கள்’ என்போம். ‘ஒரு மக்கள் வந்தார்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘பெற்றோர்’ என்பதும் அப்படித்தான். ஒருவரை மட்டும் குறிக்க வேண்டுமென்றால் ‘பெற்றோரில் ஒருவர்’ என்று சுற்றிவளைத்துத்தான் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ‘எ பேர் ஆஃப்’ செய்வதும் ஏறக்குறைய அதே வேலைதான். இந்த வகைச் சொற்களுக்கு மொழியியலில் ‘ப்ளூரேலியா டாண்டம்’ என்று லத்தீனில் ஒரு பெயர் உண்டு. ‘பன்மை மட்டும்’ என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

சரி, ஆசிரியர் சொன்ன கூட்டத்திலிருந்தே தொடங்குவோம். நடுவில் சேர்ந்து இரண்டாகப் பிரியும் பொருள்கள் இதில் வரும். கருவிகளில் சிசர்ஸ், ஷியர்ஸ், டாங்ஸ், ட்வீசர்ஸ், பின்சர்ஸ், ப்ளையர்ஸ். கண்ணில் மாட்டுபவற்றில் க்ளாசஸ், ஸ்பெக்டகிள்ஸ், காகிள்ஸ், பைனாகுலர்ஸ். இடுப்புக்குக் கீழே அணிபவற்றில் டிரவுசர்ஸ், பேன்ட்ஸ், ஜீன்ஸ், ஷார்ட்ஸ், டைட்ஸ், லெக்கிங்ஸ், பைஜாமாஸ். இவை எல்லாவற்றுக்கும் வினை பன்மையில் வரும், எண்ண வேண்டுமென்றால் ‘பேர்’ வரும்.

இதுவரை ‘இரண்டு அலகு, இரண்டு கால், இரண்டு கண்ணாடி’ என்கிற விளக்கம் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் இடுப்புக்கு மேலே போனதும் உடைந்துவிடுகிறது. இரண்டு கை உள்ள ஷர்ட் ஒருமை, கோட் ஒருமை, ஸ்வெட்டர் ஒருமை, ப்ரா ஒருமை. அதைவிட வேடிக்கை பிகினி. 1946இல் அமெரிக்கா அணுகுண்டு சோதனை நடத்திய பிகினித் தீவின் பெயரை அதே ஆண்டு ஒரு பிரெஞ்சு வடிவமைப்பாளர் தன் நீச்சலுடைக்கு வைத்தார். அந்த உடை நிஜமாகவே இரண்டு தனித்தனித் துண்டு. ஆனால் ‘எ பிகினி’ ஒருமை! ஒரே துண்டாகத் தைத்த டிரவுசர்ஸ் பன்மை. ஆக, பொருளைப் பார்த்து இலக்கணத்தை ஊகிக்க முடியாது.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு காலுக்கும் தனித்தனி உறை மாட்டி இடுப்பில் கட்டுவார்கள், அதனால்தான் ‘பேர் ஆஃப் பேன்ட்ஸ்’ என்று ஒரு கதை சொல்வார்கள். இடைக்கால ஐரோப்பாவில் ‘ஹோஸ்’ எனப்பட்ட காலுறை தனித்தனியாக இருந்தது உண்மைதான். ஆனால் ‘பேன்ட்ஸ்’ அங்கிருந்து வந்த சொல்லே அல்ல. இத்தாலிய நாடகக் கூத்துகளில் பாண்டலோனே என்று ஒரு கஞ்சக் கிழவன் பாத்திரம் வரும். அவன் போடும் கால்சட்டையின் பெயரால் ‘பாண்டலூன்ஸ்’ வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் அதைச் சுருக்கி ‘பேன்ட்ஸ்’ என்றார்கள். தனித்தனிக் கால் இருந்த கட்டத்தையே அந்த உடை பார்த்ததில்லை.

நடந்தது இன்னும் எளிது. பழைய ஆங்கிலத்தில் காலுக்குப் போடும் உடைக்கு ‘ப்ரோக்’ என்றொரு சொல் இருந்தது. அதன் பன்மை ‘ப்ரேக்’. ஃபுட், ஃபீட் ஆவதுபோல உயிரெழுத்து மாறுகிற பன்மை. நாளாவட்டத்தில் அது பன்மை என்பதே மறந்துபோய், அதன் மேலேயே இன்னொரு பன்மை விகுதியைச் சேர்த்து ‘ப்ரீச்சஸ்’ ஆக்கிவிட்டார்கள். பன்மைக்குப் பன்மை! இடுப்புக்குக் கீழே போடும் உடைக்குப் பன்மைதான் என்று ஒருமுறை வழக்கம் விழுந்துவிட்டால், பின்னால் வருகிற ஒவ்வொரு புது உடையும் அதே வரிசையில் போய் நின்றுவிடுகிறது. ஸ்காட்லாந்து, அயர்லாந்துப் பக்கத்துக் கேலிக் மொழியிலிருந்து வந்த ‘ட்ரூஸ்’ டிரவுசர்ஸ் ஆனது. இத்தாலியின் ஜெனோவா நகரப் பெயரிலிருந்து வந்த துணி ஜீன்ஸ் ஆனது.

இதற்கு ஆகச் சிறந்த சாட்சி நம் பக்கத்திலிருந்து போன சொற்கள். பாரசீகத்தில் ‘பாய்’ என்றால் கால், ‘ஜாமா’ என்றால் உடை. இந்துஸ்தானியில் பாஜாமா ஒருமைதான். ஆங்கிலேயர்கள் அதை எடுத்துக்கொண்டு போனதும் ‘பைஜாமாஸ்’. ஜோத்பூர் ஒரு ஊர். குதிரை ஓட்டும்போது அணியும் கால்சட்டை ஆனபோது அது ‘ஜோத்பர்ஸ்’. முரட்டுத் துணிக்கு இந்தியில் இருந்த ‘டுங்ரி’ அங்கே போய், அந்தத் துணியில் தைத்த கால்சட்டையாகி ‘டங்கரீஸ்’. மூன்றிலும் எஸ் வழியில்தான் ஒட்டிக்கொண்டது. எதிர்த்திசையில் வந்த சொற்களுக்கு நாம் என்ன செய்தோம் என்று பாருங்கள். டிரவுசர்ஸ் இங்கே ‘டவுசர்’ ஆனது. எஸ்ஸும் போனது, நீளமும் முழங்காலோடு நின்றது. பேன்ட்ஸ் ‘பேண்ட்’ ஆனது. எலக்ட்ரீஷியன் கையில் இருக்கும் கட்டிங் ப்ளையர்ஸ் ‘கட்டிங் பிளேயர்’ ஆனது. கூலிங் க்ளாசஸ் ‘கூலிங் கிளாஸ்’ ஆனது. ஜீன்ஸும் ஷார்ட்ஸும் மட்டும் தப்பின, அவற்றையும் ‘ஒரு ஜீன்ஸ் எடுத்தேன்’ என்று ஒருமையாக்கிவிட்டோம். உங்கள் மகள் ‘எ சிசர்’ என்று எழுதியதற்கு முக்கால்வாசிக் காரணம் இந்தத் தமிழ்ப் பழக்கம்தான்.

சிசர்ஸ் என்கிற சொல்லையே எடுத்துக்கொண்டாலும் அதன் எஸ் ஆங்கிலேயர்கள் சேர்த்ததல்ல. பழைய பிரெஞ்சில் ‘சிஸ்வார்’ என்று பன்மையாகவே இருந்து, பன்மையாகவே ஆங்கிலத்துக்கு வந்தது. எழுத்துக்கூட்டலில் தேவையில்லாமல் நிற்கும் ‘சி’ என்கிற எழுத்து, வெட்டுபவனைக் குறிக்கும் ஒரு லத்தீன் சொல்லோடு பின்னாளில் குழப்பிக்கொண்டதால் நுழைந்தது.

வாக்கியத்தில் இவை எப்படி நடக்கின்றன என்பதுதான் மாணவர்கள் சறுக்கும் இடம். ‘மை ஸ்பெக்டகிள் ஈஸ் ப்ரோக்கன், ஐ வான்ட் டு பை எ நியூ ஒன்’ என்று ஒரு வாக்கியம் அடிக்கடி காதில் விழும். இதில் மூன்று இடத்தில் திருத்தம் வேண்டும். முதலாவது, எஸ் இல்லாத ஸ்பெக்டகிள் என்றால் வேடிக்கை, கண்கொள்ளாக் காட்சி, மூக்குக்கண்ணாடி அல்ல. இரண்டாவது, ‘ஈஸ்’ போய் ‘ஆர்’ வர வேண்டும். மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: முன்னால் பன்மை வந்துவிட்டதால் பின்னால் ‘ஒன்’ வராது. ‘எ நியூ பேர்’ என்றோ ‘நியூ ஒன்ஸ்’ என்றோ வர வேண்டும். ஆக, ‘மை ஸ்பெக்டகிள்ஸ் ஆர் ப்ரோக்கன், ஐ நீட் எ நியூ பேர்.’ இன்னொரு நுணுக்கம்: ‘திஸ் பேர் ஆஃப் சிசர்ஸ்’ என்று தொடங்கினால் வினை ‘பேர்’ என்பதைப் பார்த்து ஒருமைக்குப் போய்விடும்: ‘ஈஸ் ப்ளன்ட்’. ‘தீஸ் சிசர்ஸ்’ என்று தொடங்கினால் ‘ஆர் ப்ளன்ட்’. பேச்சில் இரண்டையும் கலந்து பேசுகிற ஆங்கிலேயர்களும் உண்டு. தேர்வில் கலக்க வேண்டாம்.

ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்தால் இதே கூட்டத்தில் இன்னொருவர் ஒளிந்திருப்பார். வட்டம் போடும் கவராயத்தை நாம் ‘காம்பஸ்’ என்கிறோம். பிரிட்டிஷ் கணக்குப் புத்தகங்களில் அது ‘எ பேர் ஆஃப் காம்பசஸ்’. ஒற்றையாகக் ‘காம்பஸ்’ என்றால் வடக்கு காட்டும் கருவி. அமெரிக்காவில் வட்டம் போடுவதற்கும் காம்பஸ்தான், இந்தியாவிலும் அப்படியே நிலைத்துவிட்டது. இதைத் தப்பு என்று அடிக்கத் தேவையில்லை.

இன்னொரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அடைமொழியாகப் போனால் எஸ் பெரும்பாலும் கழன்றுவிடும்: டிரவுசர் பாக்கெட், பைஜாமா டாப், ஃபுட்பாலில் வரும் சிசர் கிக். கழலாத இடங்களும் உண்டு. மூக்குக்கண்ணாடிக் கூடு ‘க்ளாசஸ் கேஸ்’. எஸ்ஸை எடுத்தால் கண்ணாடியால் செய்த பெட்டி ஆகிவிடும். கூட்ஸ் வண்டியை நாம்கூட ‘கூட் வண்டி’ என்று சொல்வதில்லை.

கூட்ஸ் வந்ததும் அடுத்த கூட்டம் வந்துவிட்டது. இங்கே இரண்டு கால், இரண்டு அலகு எதுவும் கிடையாது. ஆசிரியரின் விளக்கம் இங்கே நுழையவே முடியாது. ஆனால் சுவாரஸ்யம் முழுக்க இங்கேதான்.

க்ளோத்ஸ் எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு காலத்தில் அது ‘க்ளாத்’ என்பதன் சாதாரணப் பன்மை. அப்புறம் பொருள் பிரிந்தது: க்ளாத் என்றால் துணி, க்ளோத்ஸ் என்றால் உடுப்பு. துணிக்குப் பன்மை தேவைப்பட்டபோது ‘க்ளாத்ஸ்’ என்று புதிதாக ஒன்றைச் செய்துகொண்டார்கள். ‘மெனி க்ளோத்ஸ்’ என்று சொல்லலாம், ஆனால் ‘ஃபைவ் க்ளோத்ஸ்’ என்று எண்ண முடியாது. ‘பேர்’ போட்டும் எண்ண முடியாது. ‘ஃபைவ் ஐட்டம்ஸ் ஆஃப் க்ளோதிங்’ என்றுதான் போக வேண்டும். உச்சரிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை: ‘க்ளோத்தஸ்’ என்று இரண்டு அசையாக இழுக்கக் கூடாது. கதவை மூடுவதற்குச் சொல்லும் ‘க்ளோஸ்’ போலவே சொன்னாலும் அகராதிகள் ஏற்கின்றன.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ஒரு நாளைக்கு ஆயிரம் முறை உச்சரிக்கப்படும் சொல்லும் இந்தக் கூட்டம்தான்: அரியர். ‘மேத்ஸ்ல அரியர் வச்சிருக்கான்’, ‘ஏழு அரியர்’, ‘ஒரே அட்டெம்ப்ட்ல எல்லா அரியரையும் தூக்கிட்டான்’. வேலைக்கு ஆள் எடுக்கும் விளம்பரத்தில் ‘நோ ஸ்டாண்டிங் அரியர்ஸ்’. தேர்ச்சி பெறாமல் நிற்கும் தாள் என்கிற இந்தப் பொருள் லண்டனில் விளங்காது. அங்கே ‘ஐ ஹேவ் அரியர்ஸ்’ என்றால் வீட்டு வாடகை பாக்கி என்று நினைத்துக்கொள்வார்கள். பழைய பிரெஞ்சில் ‘பின்னால்’ என்பதைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது இது. பின்தங்கி நிற்கும் பணம், பின்தங்கி நிற்கும் வேலை. அரசு ஊழியர்கள் அகவிலைப்படி அரியர்ஸ் என்று சொல்வதுதான் மூலப் பொருளுக்கு நெருக்கம்.

இன்றைய பொது ஆங்கிலத்தில் இது பன்மைதான். ஆனால் ஒருமை முற்றிலும் செத்துவிடவில்லை, நம் நாட்டுச் சட்டப் புத்தகத்தில் உயிரோடு இருக்கிறது. 1890ஆம் ஆண்டின் வருவாய் வசூல் சட்டத்தில் ‘ஆன் அரியர் ஆஃப் லேண்ட் ரெவின்யூ’ என்று ஒருமையிலேயே வருகிறது. அதே வாசகம் பிறகு எத்தனையோ இந்தியச் சட்டங்களுக்குப் போய்விட்டது. இன்ன தொகையை நிலவரி நிலுவைபோல வசூலிக்கலாம் என்று எங்கே படித்தாலும் அதன் ஆங்கில மூலத்தில் இந்த அரியரைப் பார்க்கலாம். ஆக, ‘ஒரு அரியர்’ என்று சொல்லும் பொறியியல் மாணவனுக்குத் துணையாக ஒரு பழைய சட்டமே நிற்கிறது, அது அவனுக்குத் தெரியாவிட்டாலும்.

இதோடு ஒட்டி, வெளிநாட்டு நிறுவன ஒப்பந்தங்களில் வரும் ஒரு தொடரையும் சொல்லிவிடுகிறேன், பயன்படும். ‘பெய்டு மன்த்லி இன் அரியர்ஸ்’ என்று இருந்தால் சம்பளம் பாக்கி வைத்துத் தருவார்கள் என்று பயப்பட வேண்டாம். மாதம் முழுக்க வேலை பார்த்த பிறகு மாதக் கடைசியில் தருவார்கள் என்பதுதான் பொருள். முன்பணமாகத் தந்தால் ‘இன் அட்வான்ஸ்’.

சட்டம் என்றதும் ‘பிரெமிசஸ்’ ஞாபகம் வருகிறது. இந்தக் கூட்டத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த சொல். ‘ஸ்மோக்கிங் ஈஸ் ப்ராஹிபிடட் ஆன் தீஸ் பிரெமிசஸ்’ என்று பலகை பார்த்திருப்பீர்கள். கட்டடமும் அதைச் சேர்ந்த இடமும் என்று பொருள். ஆனால் எஸ் போன ‘பிரெமிஸ்’ என்றால் தர்க்கத்தில் முன்னால் வைக்கும் கூற்று. வாதத்துக்கும் கட்டடத்துக்கும் என்ன உறவு? சட்ட லத்தீனில் அதன் பொருள் ‘முன்னே சொல்லப்பட்டவை’. சொத்துப் பத்திரம் எழுதுகிறவர்கள் தொடக்கத்தில் வீடு, மனை, தோட்டம், கிணறு என்று எல்லாவற்றையும் விவரமாக எழுதிவிட்டு, அடுத்தடுத்த பக்கங்களில் திரும்பத் திரும்ப எழுதச் சலித்துக்கொண்டு, ‘முன்னே சொல்லப்பட்டவை’ என்று மட்டும் போட்டுவிட்டார்கள். படிக்கிறவர்களுக்கு அந்தச் சொல்தான் வீட்டுக்குப் பெயர் என்று தோன்றிவிட்டது. நம் ஊர்ப் பத்திர எழுத்தர் ‘மேற்படி சொத்து’, ‘மேற்படியார்’ என்று எழுதுவது அப்படியே இதுதான். நாளைக்கே தமிழில் வீட்டுக்கு ‘மேற்படி’ என்று பெயர் ஆகிவிட்டால் எப்படி இருக்குமோ, அப்படி நடந்த கதை இது. முன்னே சொன்னவை பல என்பதால் சொல் பன்மை. ஒரே ஒரு அறை இருந்தாலும் ‘எ பிரெமிசஸ்’ என்று எழுதக் கூடாது.

எஸ்ஸை எடுத்தால் பொருளே மாறிப்போகும் சொற்கள் இந்த மாதிரி நிறைய உண்டு. கஸ்டம் என்றால் வழக்கம், கஸ்டம்ஸ் என்றால் சுங்கம். மினிட் ஒரு நிமிடம், மினிட்ஸ் என்பது கூட்ட நடவடிக்கைக் குறிப்பாகவும் இருக்கலாம். டேமேஜ் என்றால் சேதம், டேமேஜஸ் என்றால் நீதிமன்றம் கொடுக்கச் சொல்லும் நஷ்டஈடு. மொழிபெயர்ப்பவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்வார்கள்: நஷ்டஈடு பத்து லட்சம் என்று வர வேண்டியது சேதம் பத்து லட்சம் என்று வந்துவிட்டால் செய்தியே தலைகீழ். ஆர்ம் என்றால் கை, ஆர்ம்ஸ் என்றால் ஆயுதங்கள். இந்த இரண்டும் தனித்தனி வழியில் ஆங்கிலத்துக்கு வந்தவை. ஆயுதம் லத்தீனிலேயே பன்மை மட்டும் உள்ள சொல். நம் ஊரில் இந்த எஸ்ஸின் அருமையை யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ‘போலீஸ் குவார்ட்டர்ஸ்’ என்றால் குடியிருப்பு, எஸ்ஸை விட்டுவிட்டுக் கேட்டால் 180 மில்லி.

இன்னொரு சின்னக் கூட்டம் இருக்கிறது. எஸ் பன்மை விகுதியே இல்லாமல் சொல்லின் உடம்பிலேயே இருந்து, கேட்டவர்கள் பன்மை என்று தவறாக நினைத்துக்கொண்டவை. ஆம்ஸ், அதாவது பிச்சை, தர்மம்: பழைய ஆங்கிலத்தில் ‘ஏல்மெஸ்ஸெ’ என்கிற ஒருமை. ரிச்சஸ், அதாவது செல்வம்: பிரெஞ்சில் ‘ரிஷெஸ்’ என்கிற ஒருமை. ஈவ்ஸ், அதாவது சுவருக்கு வெளியே நீளும் கூரை விளிம்பு: பழைய ஆங்கிலத்தில் ‘எவெஸ்’ என்கிற ஒருமை. மூன்றும் காதுக்குப் பன்மைபோல ஒலித்ததால் இன்று பன்மை வினை எடுக்கின்றன. ஈவ்ஸிலிருந்துதான் ‘ஈவ்ஸ்டிராப்’ வந்தது. கூரை விளிம்பிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டும் இடத்தில், சுவரோடு சுவராக நின்று உள்ளே பேசுவதைக் கேட்கிறவன் ‘ஈவ்ஸ்டிராப்பர்’. நம் ‘ஒட்டுக்கேட்பது’ம் சுவரில் ஒட்டிக்கொண்டுதானே!

இதே குழப்பம் எதிர்ப்பக்கமும் நடந்திருக்கிறது. பட்டாணிக்கு ‘பீஸ்’ என்பதுதான் பழைய ஒருமை. கடைசி ஒலியைப் பன்மை என்று நினைத்துக் கழற்றிவிட்டு ‘பீ’ என்று புது ஒருமை செய்தார்கள். செர்ரி பழமும் பிரெஞ்சிலிருந்து எஸ் ஒலியோடு வந்து அதை இழந்ததுதான். ஜிம்மில் இப்போது ‘பைசெப்’ என்கிறார்கள். லத்தீனில் ‘இருதலை’ என்று பொருள்படும் பைசெப்ஸ் ஒருமையே. இன்னும் நூறு வருடத்தில் இதுவும் பட்டாணி வழியில் போய்விடலாம்.

இனி எஸ்ஸை நம்பி ஏமாறக் கூடாத இடம். முடிவில் எஸ் இருக்கும், ஆனால் வினை ஒருமை. நியூஸ் முதல் உதாரணம். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டில் ‘தீஸ் நியூஸ்’ என்று பன்மையாகவும் எழுதினார்கள். இன்று ‘த நியூஸ் ஈஸ்’ மட்டும்தான். மேத்தமேட்டிக்ஸ், பிசிக்ஸ், எகனாமிக்ஸ் போன்ற பாடப் பெயர்களும் ஒருமை. மீசில்ஸ் என்கிற தட்டம்மை, மம்ப்ஸ் என்கிற பொன்னுக்கு வீங்கி, பில்லியர்ட்ஸ் என்கிற விளையாட்டு, எல்லாம் ஒருமை. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மட்டும் ஆளுக்குத் தகுந்தபடி நடக்கும்: பாடமென்றால் ஒருமை, புள்ளிவிவரங்கள் என்றால் பன்மை.

நாடுகளிலும் இது உண்டு. அமெரிக்க அரசியலமைப்பு 1787இல் எழுதப்பட்டபோது யுனைடெட் ஸ்டேட்ஸைப் பன்மையாகவே கருதினார்கள். தேசத்துரோகம் பற்றிய பிரிவில் ‘அவற்றுக்கு எதிராக’ப் போர் தொடுப்பது என்று பன்மைச் சுட்டுதான் இருக்கிறது. அடிமை முறையை ஒழித்த 1865இன் திருத்தத்திலும் ‘அவற்றின்’ அதிகார எல்லை என்றே வருகிறது. இன்று ‘த யுனைடெட் ஸ்டேட்ஸ் ஆர்’ என்று எழுதினால் எந்த ஆசிரியரும் அடித்துவிடுவார். எழுத்து மாறவில்லை, எஸ் அப்படியே இருக்கிறது. வினை மட்டும் மாறியிருக்கிறது.

எஸ்ஸே இல்லாமல் பன்மையாக நிற்பவையும் சில. ‘த போலீஸ் ஹேவ் அரெஸ்டட்’ என்றுதான் செய்தித்தாளில் வரும். தமிழில் ‘ஒரு போலீஸ் வந்தார்’ இயல்பு, ஆங்கிலத்தில் ‘எ போலீஸ்’ கிடையாது. ‘எ போலீஸ் ஆஃபீசர்’. ‘கேட்டில்’ என்பதும் பன்மை, ஒரு மாட்டைக் குறிக்க அதால் முடியாது. பசுவா காளையா என்று சொல்லியாக வேண்டும். சொத்து என்ற பொருளில் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல் அது, ‘கேப்பிட்டல்’ என்பதற்கு உடன்பிறப்பு. குறளில் ‘மாடு’ செல்வம் என்ற பொருளில் வருவது ஞாபகம் வந்தால் நீங்கள் நல்ல தமிழாசிரியரிடம் படித்திருக்கிறீர்கள்.

டேட்டா, அஜெண்டா, மீடியா போன்றவற்றை நான் இங்கே சேர்க்கவில்லை. அவை லத்தீன் பன்மையாக வந்து ஒருமையாகிக்கொண்டிருப்பவை. அஜெண்டா முழுசாக மாறிவிட்டது, டேட்டா பாதி வழியில் இருக்கிறது. அந்தச் சண்டை வேறு.

இது ஆங்கிலத்துக்கு மட்டும் வந்த வியாதி என்றும் நினைக்க வேண்டாம். ரஷ்ய மொழியில் கத்தரிக்கோலும் மூக்குக்கண்ணாடியும் மட்டுமல்ல, கைக்கடிகாரமும் பணமும் வெளிவாசல் கேட்டும்கூடப் பன்மை மட்டும். சமஸ்கிருதத்தில் தண்ணீரைக் குறிக்கும் ‘ஆப:’ எப்போதும் பன்மை. மனைவியைக் குறிக்கும் ‘தாரா:’ ஒரே மனைவியாக இருந்தாலும் பன்மை, அதுவும் ஆண்பாலில்! அதுதான் தமிழுக்கு வந்து ‘தாரம்’ என்று ஒருமையாகிவிட்டது. ஜெர்மனிலோ கால்சட்டை, கத்தரிக்கோல், மூக்குக்கண்ணாடி மூன்றுமே ஒருமை. பிரெஞ்சில் கால்சட்டை ஒருமை, கத்தரிக்கோல் பன்மை. அந்தக் கத்தரிக்கோலின் பன்மை விகுதியை எடுத்தால் தச்சனின் உளி ஆகிவிடும்.

ஆகவே சட்டைக்கு ஏன் எஸ் இல்லை என்று மகள் மறுபடி கேட்டால், இரண்டு கை இருப்பதால் மட்டும் ஒரு சொல் பன்மையாகிவிடாது, பழைய ‘ப்ரீச்சஸ்’ போட்ட வழியில் போனவை பன்மையாயின, சட்டை அந்த வழியில் போகவில்லை என்று சொல்லலாம். மாணவர் அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். சொல்லின் பக்கத்தில் ‘ப்ளூரல் நவுன்’ என்றோ அதன் சுருக்கமோ இருந்தால் வினை பன்மை. ‘அன்கவுண்டபிள்’ என்று போட்டிருந்தால், எஸ் இருந்தாலும் வினை ஒருமை. மனப்பாடம் செய்வதைவிட, புதுச் சொல் ஒவ்வொன்றையும் ‘ஈஸ்’, ‘ஆர்’ இரண்டில் ஒன்றோடு சேர்த்தே எழுதிப் பழகினால் போதும்: ‘த நியூஸ் ஈஸ்’, ‘த கூட்ஸ் ஆர்’, ‘த போலீஸ் ஆர்’.

தேர்வுத்தாளில் பிழை திருத்தும் பகுதிக்கு இதில் வழக்கமாக வருவது ‘ஒன் ஆஃப் மை டிரவுசர்ஸ் ஈஸ் டோர்ன்’ மாதிரியான வாக்கியம். கிழிந்தது ஒரு கால்சட்டை என்றால் ‘ஒன் பேர் ஆஃப் மை டிரவுசர்ஸ் ஈஸ் டோர்ன்’ என்று எழுதச் சொல்லுங்கள். ‘டூ டிரவுசர்ஸ்’ என்று இருந்தால் ‘டூ பேர்ஸ் ஆஃப் டிரவுசர்ஸ்’. அந்தப் ‘பேர்ஸ்’ஸின் எஸ்ஸை மறந்தாலும் அரை மதிப்பெண் போகும்.